வாசல் உத்திரத்தில் இரண்டு பெயர்

கைவிட்ட வீடு ஒன்றை வாங்கி நிமிர்த்தினேன். மாடு கட்டிய கூடத்தைக் குசினி ஆக்கினேன். கூரை ஓடுகளை முழுக்க இறக்கி, உடைந்ததைக் கழித்து, நல்லதைத் திரும்ப ஏற்றினேன். முன்வாசலுக்குக் கல் பதித்தேன். பின்வளவில் கண்ணாடிக் கொட்டில் போட்டு, பனி பெய்கிற நாட்டில் பாகற்காய் காய்க்க வைத்தேன். குளத்தடியில் ஊரே மறந்துபோன வெதுப்பகத்துக்குப் போறணை கட்டினேன். போறணை என்றால் செங்கல்லை வளைத்துக் கட்டி, உள்ளே விறகு எரித்துப் பாண் என்கிற ரொட்டி சுடுகிற அடுப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்த நாட்டில் என் முதல் வேலை சட்டி கழுவியது. வேறு ஒருவன் இவ்வளவு செய்திருந்தால் அவனுக்குச் சிலை வைக்கச் சொல்லி நானே கேட்டிருப்பேன்.

ஏலாது என்று எனக்குச் சொல்லாத தமிழ் ஆள் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் இல்லை. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த பெடியன்கள் வுப்பர்டாலிலும் பீலெஃபெல்டிலும் இருக்கிற சொந்தக்காரருக்கெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். ஒருவன் என் முகத்துக்கு நேரேயே கேட்டான்.

“அண்ணை, வீடு வாங்கினியளோ, கிழங்குக் கிடங்கு வாங்கினியளோ?”

“பொறடா. நீ ஒருநாள் அங்கை விருந்துக்கு வருவாய்,” என்றேன். வந்தான். இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றான்.

மனைவியை முதன்முதலில் வீடு காட்டக் கூட்டிக்கொண்டு போன நாள் இன்னும் நினைவிருக்கிறது. பஸ் எங்களைச் சோளத் தோட்டத்துக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. எங்கோ பன்றிப் பண்ணையின் உரத்தை வயலுக்கு அடித்திருந்தார்கள். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள்.

“இஞ்சாருங்கோ, இதுக்கை ஆர் இருந்தது? ஆடோ, மாடோ?”

“ரண்டும் இருந்ததாம். அந்தப் பக்கம் மனிசர்.”

“அப்ப எங்களோடை சேத்து மூண்டு சாதி.”

சொன்னாளே தவிர, பின்கதவைத் திறந்து வளவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். கறுத்த மண். கையில் எடுத்தால் கேக் மாதிரி உதிர்ந்தது. எங்கள் ஊரில் செம்மண்ணுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து இறைத்துக் கை மரத்துப்போன குடும்பம் அவளுடையது. மண்ணை மணந்து பார்த்துவிட்டு, “சரி, வாங்குங்கோ,” என்றாள். வாங்கியது அவளுடைய சொல்லால்தான். நிமிர்த்தியது நான்.

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கோயில், அதாவது மாதா சிலை இல்லாத கிறிஸ்தவ வேதக்கோயில், நடுவில் நிற்கிறது. தெரு அதைச் சுற்றி வளைந்து போகிறது. ஒரு குளம். ஒரு தீயணைப்பு நிலையம். அதில் சம்பளக்காரர் யாரும் இல்லை, மணி அடித்தால் வயல் செய்கிற கமக்காரரும் குழாய் வேலைக்காரரும் ஓடி வருவார்கள். மிச்சமெல்லாம் மரச்சட்ட வீடுகள். கறுத்த ஓக் மரத்தைச் சட்டமாகப் பூட்டி, இடையில் களிமண்ணோ செங்கல்லோ அடைத்துக் கட்டியவை. ஒவ்வொரு வீட்டுக்கும் வைக்கோல் வண்டி உள்ளே போகிற அளவில் பெரிய வாசல். அந்த வாசலுக்கு மேலே குறுக்காகப் போகிற உத்திரத்தில்தான் இந்த ஊரின் சரித்திரம் இருக்கிறது.

வீட்டைக் கட்டியவனின் பெயரை உத்திரத்தில் செதுக்குவார்கள். அவனுடைய பெயர் மட்டும் இல்லை. பக்கத்திலேயே பெண்சாதியின் பெயர், அவள் எந்த வீட்டில் பிறந்தவள் என்ற விபரம், பிறகு கடவுளிடம் ஒரு வரி வேண்டுதல், கடைசியில் மூலையில் தச்சனின் அடையாளம். எல்லா வீட்டிலும் இதே முறை. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பழைய கொக்கி எழுத்து இன்னும் கரைச்சல். அதனால் நான் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி நடந்து வரும்போது, ஒரு நாளைக்கு ஒரு வாசலாக நின்று ஆறுதலாக வாசித்தேன். படித்தவர்கள் காரில் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு இது கிடைக்காது.

ஒரு உத்திரம் சொல்கிறது: முதல் வீடு எரிந்தது, நாங்கள் இருவரும் திரும்பக் கட்டினோம், ஆண்டவரே இதையாவது விட்டுவையும். இன்னொன்றில் ஒரு பெண்ணின் பெயரோடு இரண்டு ஆண்களின் பெயர்; முதல் புருஷன் பாதியில் செத்துப்போக, இரண்டாமவன் கூரை போட்டிருக்கிறான். அந்த மனிசி இரண்டு பேரையும் மறக்கவில்லை, செதுக்கச் சொல்லிவிட்டாள். அரசனைப் பற்றியோ தளபதியைப் பற்றியோ ஒரு உத்திரமும் கதைக்கவில்லை. சுவர் எழுப்பியவர்களைப் பற்றி மட்டும் எழுதி வைத்த சரித்திரம். இதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஊரில் ஆசை வந்தது. இது எனக்கான ஊர் என்று நினைத்தேன்.

ஆட்கள்தான் கதைக்க மாட்டார்கள். காலையில் கண்டால் “டாக்” என்று ஒரு சத்தம், தலையில் ஒரு அசைவு. அவ்வளவுதான். முதல் மாதம் எனக்கு விசர் பிடித்தது. என் வீட்டுக்கு நேரெதிரே ஒரு கமக்காரர். பெரிய உடம்பு, சின்னக் கண். அவர் தன் வேலியில் சாய்ந்துகொண்டு நான் வேலை செய்வதைப் பார்ப்பார். ஒரு சொல் சொல்ல மாட்டார். பனிக்காலத்தில் என் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்துபோனது. யாரிடமும் நான் சொல்லவில்லை. அவர் ஒரு பெட்டியோடு வந்தார், நிலவறைக்குள் இறங்கினார், தண்ணீர் வந்தது, போய்விட்டார். கூரை ஓட்டை இறக்கத் தொடங்கிய சனிக்கிழமை, நாலைந்து ஆண்கள் ஏணியோடு வாசலில் நிற்கிறார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றித் தந்தார்கள். ஏற்றியது நான். பின்னேரம் பியர் குடித்தார்கள். எதிர்வீட்டுக் கமக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுவதென்றால் இப்படித்தான் எழுத வேண்டும்:

“குறை சொல்ல ஏலாது.”

நான் மனைவியிடம் போய், “நாள் முழுக்க முறிஞ்சிருக்கிறன், அந்தாள் என்ன சொல்லிப்போட்டுப் போறார் பார்,” என்று குமுறினேன். பிறகுதான் விளங்கியது, இந்த ஊர்ப் பாஷையில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கலியாண வீட்டில் பொம்பிளையைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்குப் பல வருடம் சரிவரவில்லை. என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நான் வாங்கிய வீட்டில் எப்போதோ ஒரு கொல்லன் பட்டறை வைத்திருந்தானாம். அதனால் நான் கொல்லன். என் மனைவி கொல்லன் வீட்டு அம்மா. மகள் பள்ளிக்கூடத்தில் கொல்லன் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் ஒருவனை அவன் செய்யாத தொழிலின் பெயரால் கூப்பிட்டால் அடிபிடி வரும். பாண் போட்ட கை இது. யாழ்ப்பாணத்தில் வெதுப்பகத்தில் விறகு தள்ளத் தொடங்கி, மாப்பிசைந்து, போறணைக்கு முன்னால் நின்று வளர்ந்தவன். இரும்பை நான் தொட்டது ஹம் தொழிற்சாலையில்தான். தபால் கொண்டுவருகிற பெண்ணை மறித்து ஒருநாள் கேட்டேன்.

“கடிதத்திலை என்ரை பேர் தெளிவாய்க் கிடக்கு. பிறகேன் கொல்லன் எண்டு கூப்பிடுறியள்?”

“கடிதத்திலை இருக்கிறது அரசாங்கத்துக்கு,” என்றாள். “எங்களுக்கு இது கொல்லன் வீடு.”

எரிச்சலில் படலையில் என் பெயரைப் பெரிய எழுத்தில் பித்தளையில் அடித்தேன். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். குறை சொல்ல ஏலாது என்றார்கள். கொல்லன் என்றே கூப்பிட்டார்கள்.

எங்கள் கலியாணத்துக்கு இருபத்தைந்தாம் வருடம் வந்தது. நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அதற்கு முதல் நாள் இருவரும் ஹம்மில் அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டுப் பின்னேரம் வீடு திரும்பினோம். கோடைகாலம், வெயில் இன்னும் நின்றது. படலையைத் திறந்த மனைவி அப்படியே நின்றாள். எங்கள் வாசல் கதவைச் சுற்றிப் பச்சை மரக்கொப்பால் பின்னிய பெரிய வளையம். அதில் முழுக்க வெள்ளைக் கடதாசிப் பூ.

“ஐயோ! ஆர் செத்தது?”

நானும் அதைத்தான் நினைத்தேன். வெள்ளைப் பூவும் வளையமும் எங்களுக்கு எதற்கு வரும் என்று தமிழனுக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் அப்போது டோர்ட்மண்டில் தாதியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தொலைபேசி எடுத்தால் எடுக்கவில்லை. மனைவி வாசலில் இருந்து குழறத் தொடங்கிவிட்டாள்.

“பிள்ளைக்கு என்னவோ நடந்திட்டுது. ஊருக்கு முதல் தெரிஞ்சிருக்கு. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை!”

“வாயைக் கழுவு. ஆரோ எங்களை ஊரை விட்டுக் கலைக்கச் செய்த வேலை இது.”

நான் குறடு எடுத்துக் கம்பியை வெட்டினேன். வளையத்தை இழுத்து விழுத்தி, வளவின் கோடியில் குப்பை உக்குகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் எறிந்தேன். மேலே அன்றைய வெங்காயத் தோலையும் கொட்டினேன். அந்த நேரத்தில் எவன் என்றாலும் அதைத்தான் செய்திருப்பான்.

வாசலுக்குத் திரும்பி வந்தால், தெரு முழுக்க ஆட்கள். ஆண்கள் வெள்ளைச் சேட்டு, பெண்கள் தலைவாரிப் பூப்போட்ட உடுப்பு. ஒருவர் கையில் போத்தல், ஒருவர் கையில் சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு. கிழவர் ஒருவர் நெஞ்சில் அக்கோடியன் கட்டியிருந்தார். எல்லோரும் என் வெறும் கதவைப் பார்த்தார்கள். கதவைச் சுற்றி ஆணி மட்டும் நின்றது. என் கையில் குறடு.

நல்லவேளை, மகள் அந்த நேரம் திருப்பி எடுத்தாள். மனைவி அவளுடைய குரலைக் கேட்டதும் இன்னும் பலமாக அழுதாள். நான் தொலைபேசியைப் பறித்து நடந்ததைச் சொன்னேன்.

“அப்பா, அதை என்ன செய்தனீங்கள்?”

“குப்பைக்குள்ளை போட்டன்.”

“அப்பா! அது வெள்ளிவிழாவுக்குக் கட்டுறது. அயலட்டைச் சனம்தான் கட்டோணும், அது இஞ்சத்தை முறை. ஒரு மாதமாய் எதிர்வீட்டு அன்ரி ஆக்களைக் கூட்டி வைச்சுப் பூச் செய்தவ. திகதியை நான்தான் சொன்னனான்.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டு ஆட்களைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் எங்கோ போய்விட்டது. “எங்கடை ஊரிலை... செத்தால்... வெள்ளைப் பூ,” என்று கையால் காட்டினேன். எதிர்வீட்டுக் கமக்காரர் என் பக்கத்தில் வந்தார். கையிலிருந்த குறட்டைப் பார்த்தார்.

“கம்பியை எங்கை வெட்டினனீர்?”

“அடியிலை.”

“நல்லது. அப்ப திரும்பக் கட்டலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். வெள்ளைச் சேட்டோடு ஆண்கள் என் குப்பை மேட்டில் இறங்கினார்கள். கமக்காரரின் மனைவி, அந்தப் பூக்களை ஒரு மாதமாக மடித்தவர், ஒவ்வொரு பூவாக ஊதி ஊதி வெங்காயத் தோலைத் தட்டினார். ஒரு இடத்தில் தோல் ஒட்டிக்கொண்டு வரவில்லை. “இருக்கட்டும், இது பொன்விழாவுக்குப் பிடிச்ச நிறம்,” என்றார். முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு அழுதவளா இவள் என்று கேட்கும்படி குசினிக்குள் ஓடி, றோல்ஸும் வடையும் பொரிக்கத் தொடங்கினாள். அக்கோடியன் கிழவர் வடையில் இருந்த மிளகாயைக் கடித்துவிட்டு ஒரு பாட்டு முழுக்கக் கண்ணீரோடு வாசித்தார். அந்தக் கதையை இந்த ஊர் இன்னும் விடவில்லை. யாருடைய கதவிலாவது வளையம் கட்டினால், “கொல்லனிட்டைச் சொல்லிப்போட்டியளோ?” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.

அந்த மனிசி, பூ மடித்த கமக்காரரின் மனைவி, சில வருடத்துக்குப் பிறகு காலமானார். இந்த ஊரில் செத்த வீட்டுக்கும் அயலட்டைதான் பொறுப்பு. சவப்பெட்டியைத் தூக்குவது சொந்தக்காரர் இல்லை, பக்கத்து வீடுகள். நான் கறுத்தக் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் ஓரமாக நின்றேன். ஒருவர் வீடுகளின் பெயரைச் சொல்லி, யார் எந்தப் பிடியில் என்று நிறுத்திக்கொண்டு வந்தார். ஆலைவீடு, பின்னுக்கு. மேட்டுவீடு, நடுவில். “கொல்லன் வீடு, முன்னுக்கு, இடப்பக்கம்.” எதிர்வீடு என்றபடியால் முன்பிடி என்னுடையது. அந்தப் பெயரைக் கேட்டு எனக்குக் கோபம் வராத முதல் நாள் அது. பெட்டி பாரமாக இருந்தது. நான் தோளை இறக்கவில்லை.

அடக்கம் முடிந்து கோப்பி குடிக்கும்போது கமக்காரர் என் பக்கத்தில் வந்து இருந்தார். அன்றைக்குக் கதைத்த அளவுக்கு அவர் அதற்கு முதலும் கதைத்ததில்லை, பிறகும் கதைக்கவில்லை.

“உமக்குக் கொல்லன் எண்டா பிடிக்காது, என்ன?”

“என்ரை தொழில் அதில்லை.”

“என்ரை பேரும் என்ரை பேரில்லை,” என்றார்.

உலக யுத்தம் முடிந்தபோது, பறிபோன கிழக்குப் பக்கத்திலிருந்து தாய் இழுத்த கைவண்டியில் இந்த ஊருக்கு வந்த குழந்தையாம் அவர். அப்படி வந்தவர்களை ஊர் விரும்பவில்லை. வைக்கோல் கொட்டிலில் இருத்தினார்கள், கிணற்றில் கடைசியாகத்தான் தண்ணீர் அள்ள விட்டார்கள். வளர்ந்து, இப்போது அவர் இருக்கிற வீட்டின் பெண்ணைக் கட்டினார். பெண்ணின் தோட்டத்துக்கு வருகிற மாப்பிள்ளை அந்தத் தோட்டத்தின் பெயரை எடுக்க வேண்டும். அது இந்தப் பக்கத்து முறை. தகப்பனின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் மட்டும் இருக்கிறது.

“கைவண்டிப் பெடியன் எண்டு கூப்பிட்டவை, ஒருநாள் வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டினம். அண்டைக்குத்தான் நான் இஞ்சை வந்து சேர்ந்தனான்.” கோப்பியைக் குடித்து முடித்தார். “உம்மை ரண்டாம் மாதமே கொல்லன் எண்டிட்டினம். எனக்குப் பொறாமையாய் இருந்தது.”

எதிர்வீட்டு வேலியில் சாய்ந்துகொண்டு அவர் பார்த்தது எதை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இந்த ஊரின் பெருமை இதுதான் என்று நான் எங்கேயும் சொல்வேன். வாயால் ஒருவரையும் அணைக்காது. ஆனால் குழாய் உறைந்தால் வரும், ஓடு இறக்கினால் வரும், பெட்டி தூக்கக் கூப்பிடும். அழகான பேச்சுப் பேசுகிற ஊர்கள் பல பார்த்துவிட்டேன். இப்படி ஒரு ஊர் பார்க்கவில்லை.

இனி வெதுப்பகம். குளத்தடியில் கூரை விழுந்து, உள்ளே ஒரு மரமே முளைத்துக் கிடந்தது. முந்தி ஊர் முழுக்க அங்கேதான் பாண் சுட்டதாம், வீட்டுக்கு ஒரு முறை வைத்து. ஊருக்குப் பெரிய விழா வருகிறது, அதற்கு முதல் இதைத் திரும்பக் கட்டுவோம் என்று ஊர்ச் சங்கம் முடிவு செய்தது. சங்கத் தலைவி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. நான் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதியது, அலுவலகத்தில் டெர்மின் எடுத்துச் சந்திக்க நாள் குறித்தது, பழைய படம் தேடியது எல்லாம் அவர். அந்த மனிசி இல்லாவிட்டால் ஒரு கல்லும் நகர்ந்திருக்காது, அதை நான் மறைக்கவில்லை. தச்சன் சட்டம் பூட்டினான். ஆண்கள் சுவர் வைத்தார்கள். போறணை மட்டும் மிச்சம். அடுப்புக் கட்டுகிற ஆளைப் பிடிக்கத் தூர இடத்துக்கு எழுத வேண்டும் என்று கதைத்தார்கள்.

“ஒருத்தருக்கும் எழுதவேண்டாம்,” என்றேன். “நான் நிக்கிறன்.”

ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நீங்கள் கொல்லன் வீடெல்லோ?”

“வீடுதான் கொல்லன். ஆள் பாண்காரன்.”

ஓய்வூதியக்காரன் நான், நேரம் இருந்தது. வசந்தகாலம் முழுக்க முழங்காலில் நின்றேன். களிமண்ணைக் காலால் மிதித்தேன், வைக்கோல் சேர்த்தேன், மணலை மேடாகக் குவித்து அதன்மேல் கல்லை வளைத்தேன். கமக்காரர் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டு இருந்து பார்த்தார். முதல் தரம் நெருப்பு வைத்தபோது வளைவில் ஒரு வெடிப்பு விழுந்தது. அது இந்தக் களிமண்ணின் குணம், பூசிவிட்டேன். இரண்டாம் தரம் நின்றது. முதல் சூட்டில் அவர்களுடைய கறுத்த புளித்த பாண். அடுப்பு கொஞ்சம் ஆறியதும் நான் போட்டது எங்கள் றோஸ் பாண். மேல்தோல் மொறுமொறுக்க, உள்ளே பஞ்சு. மனைவி சம்பல் இடித்துக்கொண்டு வந்தாள். ரீச்சர் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, “குறை சொல்ல ஏலாது,” என்றார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊர் அங்கே கூடுகிறது. பிள்ளைகள் வரிசையில் நிற்பது கறுத்த பாணுக்கு இல்லை.

கட்டியாயிற்று. மிச்சம் உத்திரம். வாசலுக்கு மேலே வைக்கிற புது ஓக் மரம் இப்போது கமக்காரரின் கொட்டிலில் கிடக்கிறது. விழாவுக்கு முதல் தச்சன் அதில் எழுத்துச் செதுக்க வேண்டும். என்ன செதுக்குவது என்று சங்கம் கூடியது. ரீச்சர் வாசித்தார்: இந்த வெதுப்பகத்தை அயலட்டை திரும்பக் கட்டியது. அதற்குக் கீழே வீடுகளின் பெயர். ஆலைவீடு, மேட்டுவீடு, இப்படியே வந்து, கொல்லன் வீடு. எல்லோரும் மேசையில் தட்டினார்கள். இங்கே கைதட்டுவது அப்படித்தான்.

நான் எழும்பினேன்.

“ரீச்சர், போறணை கட்டினது ஆர்?”

“நீங்கள்தான். அதுதானே உங்கடை வீட்டுப் பேர் கிடக்கு.”

“அது செத்துப்போன கொல்லன்ரை பேர். நூறு வருசத்துக்குப் பிறகு வாசிக்கிறவன், ஏதோ ஒரு கொல்லன் போறணை கட்டினான் எண்டெல்லோ நினைப்பான்?”

“நாங்கள் ஒருத்தரும் எங்கடை பேரைப் போடேல்லைத் தானே.”

“நீங்கள் போடாட்டிலும் இந்த ஊரிலை எல்லா வாசலிலையும் உங்கடை பாட்டன் பூட்டன்ரை பேர் கிடக்கு. எனக்கு எந்த வாசலிலை கிடக்கு?”

கமக்காரர் மெதுவாகச் சொன்னார்.

“எனக்கும்தான் ஒரு வாசலிலையும் இல்லை. நான் கேட்டனானே?”

“அது உங்கடை பெரிய மனசு அண்ணை. எனக்கு அவ்வளவு பெரிசில்லை.”

அவர் சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “நியாயமோ இல்லையோ, யோசிக்கோணும். எழுதித் தாங்கோ, அடுத்த கூட்டத்திலை வாசிப்பம்,” என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். மகள் இதை ஜெர்மனில் மாற்றிக் கூட்டத்தில் வாசிப்பாள். வெங்காயத் தோல் கதையை விடச் சொன்னாள். விடமாட்டேன், அதுவும் சரித்திரம்தான்.

கொல்லன் வீடு என்ற பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அது அயலட்டை தந்த பெயர், அந்தப் பெயரில்தான் முன்பிடி பிடித்தேன், செத்தாலும் அந்தப் பெயரிலேயே என் பெட்டியைத் தூக்கட்டும். ஆனால் உங்கள் உத்திரங்களை வாசித்து வளர்ந்தவன் நான், முறை எனக்குத் தெரியும். கட்டியவனின் பெயர், பக்கத்தில் பெண்சாதியின் பெயர், அவள் பிறந்த இடம். மண்ணை மணந்து பார்த்து வாங்கச் சொன்னவள் அவள். சம்பல் இடித்தவள் அவள். இரண்டு பெயரையும் போட உத்திரத்தின் வலப்பக்கத்தில் இடம் கிடக்கிறது; கமக்காரரோடு போய் நாடா பிடித்து அளந்துவிட்டேன். அவருடைய தகப்பனின் பெயருக்கும் இடம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். “விசர்க் கதை,” என்றார். ஆனால் நாடாவை மடிக்காமல் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதில் எங்கேயும் என் பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். முதலில் அது மரத்தில் வரட்டும். ரீச்சர், எழுத்துப் பிழை வராமல் தச்சனுக்குக் கடதாசியில் பெரிதாக எழுதிக் கொடுக்க நான் ஆயத்தம். போறணையைக் கட்டியவன் நான். அதைச் செதுக்குங்கோ.